'எனது ஊர்' என்று ஒரு கட்டுரை

கட்டுரைப் போட்டிக்காக மகள் அடிமட்டம் வைத்துத் தாளில் கோடிழுக்கும் சத்தம் கேட்டதும், என் பதினைந்து வயது கண்முன் வந்தது.

அப்போது புத்தளம் அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். 'எனது ஊர்' என்ற தலைப்புக்கு, மூன்று வயதில் விட்டுவந்த மன்னாரைப் பற்றி உம்மா சொல்லக் கேட்டு எழுதினேன். மாவட்டத்தில் முதலிடம் கிடைத்தது.

உப்பளத்தில் இருந்து வந்த வாப்பா, ஈரக்கையால் தாளைத் தொடவில்லை. "வாசிங்க மகள்" என்றார்.

வாசித்தேன்.

"எங்கட கிணறு பின்னுக்கு இல்ல, முன்னுக்கு."

"திருத்தவா வாப்பா?"

"வேணாம். இன்னொருக்கா வாசிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். சில வருடங்கள் கழித்து, ஊரைத் திரும்பப் பார்க்காமலே மௌத்தானார்.

மகளுக்கும் அதே தலைப்புத்தான். அவள் புத்தளத்தைப் பற்றி எழுதுகிறாள். மன்னாரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.