பழைய பெயரைக் கேட்கும் கம்ப்யூட்டர்

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்க்கும் சர்வர் பெட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை, அதனால் அவரையும் எல்லாரும் சர்வர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த கிளார்க் ஒருவர் அதை ஓட்டல் சர்வர் என்று நினைத்துக்கொண்டு, முதல் நாளே அவரிடம் இரண்டு டீ சொல்லிவிட்டார். இவரும் மறுபேச்சில்லாமல் டீயை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, அந்தக் கிளார்க்குக்குக் கம்ப்யூட்டரில் கணக்குத் திறந்து கொடுத்தார். முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து லேசில் வராது. அந்தக் குணம்தான் அவரை மாட்டிவிட்டது என்று அவர் மனைவி சொல்வாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பெட்டிக்கும் மனிதருக்கும் ஒரே பெயராகிக் குழம்ப வேண்டாம், நாம் அவரைச் சர்வர்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

கம்பெனியை அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தி வந்தார்கள். தொழிலாளர்கள் வாயில் ஒருவர் பெரியவர், மற்றவர் சின்னவர். பெரியவர் மிஷின் பக்கம், சின்னவர் வெளி வியாபாரம். ஒரு நாள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெரியவர் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார். சின்னவர் அண்ணன் அறையை இழுத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கம்பெனிக்குப் புதுப்பெயர் வந்தது. போர்டு மாறியது, பில் மாறியது, லாரிகளின் முதுகு மாறியது. ஆனால் அண்ணன் போன பிறகும் தம்பியை எல்லாரும் சின்னவர் என்றேதான் சொன்னார்கள், அதை யாராலும் மாற்ற முடியவில்லை.

கடைசியாகக் கம்ப்யூட்டர்களின் முறை வந்தது. கம்பெனியில் இருந்த அத்தனை கம்ப்யூட்டர்களும் ஒரே வீட்டுப் பெயரின் கீழ் இருந்தன. டொமைன் என்பார்கள். காலையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் சர்வரிடம் போய், நான் இன்ன வீட்டைச் சேர்ந்தவன், இந்த ஆளை உள்ளே விடலாமா என்று கேட்கும். அந்த வீட்டுப் பெயரில் அண்ணன் பெயர் பாதி, தம்பி பெயர் பாதி.

"அதையும் மாத்திடு. பழைய பேரு எங்கேயும் தலைகாட்டக் கூடாது" என்றார் சின்னவர்.

சர்வர்காரர் அப்போதுதான் ராஜினாமா கொடுத்திருந்தார். மனைவிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் இவருக்கும் வேலை கிடைத்திருந்தது. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். இவர் தேதியைத் தள்ளிக் கேட்டபோது ஒரு முறை கொடுத்தார்கள். இனி வரும் முதல் தேதிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"பேரை மாத்தி முடி. நானே கையெழுத்துப் போட்டு வழியனுப்பி வைக்கறேன்" என்றார் சின்னவர். நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

சர்வரில் பெயரை மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அது சுமுகமாக முடிந்தது. வினை திங்கட்கிழமை ஆரம்பித்தது. பிரிண்டர் பழைய பெயரில் தேடியது. ஸ்கேன் செய்த காகிதமெல்லாம் பழைய பெயரில் இருந்த போல்டரைத் தேடி எங்கோ போய் விழுந்தது. சர்வரில் பிழைகள் வரிசை கட்டின. எல்லாம் ஒரே புகார்தான்: இந்தப் பெயரில் யாரும் இல்லை. பழைய பெயர் எங்கெங்கே வந்தது என்று தினமும் காலையில் ஒரு தாளில் அச்சடித்துத் தன் மேசையில் வைக்கச் சொன்னார் சின்னவர்.

பெயர் மாற்றினால் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் இரண்டு தடவை அணைத்துப் போட வேண்டும். முதல் தடவை புதுப்பெயரைக் காதில் வாங்கும், இரண்டாம் தடவைதான் அது மனதில் பதியும். சர்வர்காரர் எல்லாருக்கும் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அணைக்கவில்லை. அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டரை அணைக்கும் வழக்கமே கிடையாது. எப்போதோ ஒரு காலத்தில் இரவு அணைத்த கம்ப்யூட்டர் காலையில் கண் விழிக்காமல் போய், ஒரு பெரிய ஆர்டர் கைநழுவியது. அன்றிலிருந்து பெரியவர் போட்ட சட்டம், திரையை மட்டும் அணைக்க வேண்டும், பெட்டியில் கை வைக்கக் கூடாது. பெரியவர் போனாலும் சட்டம் போகவில்லை.

"அணைச்சுட்டேனே தம்பி, நீயே பாரு" என்று கறுப்புத் திரையைக் காட்டினார் கணக்குப் பார்க்கும் அக்கா.

"அது டிவி மாதிரி அக்கா. அதை அணைச்சா நிகழ்ச்சி நிக்குமா? கீழ இருக்கற பெட்டியை அணைக்கணும்."

"பெட்டியை அணைச்சா என் கணக்கு போச்சுன்னா நீ வந்து எழுதித் தருவியா?"

எழுதித் தருகிறேன் என்று சொன்னபிறகுதான் அக்கா வழிவிட்டார். இப்படி ஒவ்வொரு மேசையாகக் கெஞ்சி, குனிந்து, தூசியில் தும்மி, இரண்டிரண்டு தடவை அணைத்துப் போட்டார். தாளில் இருந்த வரிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் மிஞ்சியது. அது மட்டும் பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பூட்டிய அறைக்குள் இருக்கும் பெரியவருடைய கம்ப்யூட்டர்.

"சாவி கொடுங்க சார், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன்."

"அந்த ரூமைத் திறக்க வேண்டாம். வெளிய இருந்தே பண்ணு."

"வெளிய இருந்து சொன்னா அது கேக்காது சார். அதுக்குத் தெரிஞ்சது பழைய பேருதான். என்னை யாருன்னு கேக்குது."

"அப்ப யோசிச்சு ஒரு வழி கண்டுபிடி. படிச்சவன்தானே நீ?"

வழி கண்டுபிடிக்க நாட்கள் ஓடின. மாதம் முடிந்துகொண்டு வந்தது. முதல் வாரத்தில் மனைவி போனில், "அலமாரியில உங்களுக்குன்னு ஒரு தட்டு காலியா வச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தாள். அப்புறம் தினமும், "நாளைக்காவது வந்துடுவீங்களா?" என்று கேட்டாள். இவர் நாளைக்கு என்றார். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "உங்க தட்டுல பாப்பா புஸ்தகத்தை வச்சிட்டேன், இடம் பத்தலை" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, பொருட்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு பாயும் ஒரு பையுமாக அவர் அந்த வெற்று வீட்டில் படுத்துக் கிடந்தார். வேலை செய்து முடித்தும் போக முடியாத ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் என்று தோன்றியது அவருக்கு.

அடுத்த நாள் அவர் தன் வழக்கத்துக்கு மாறாக ஒரு குறுக்கு வழி செய்தார். மாடியில் எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியைத் திறந்து, பெரியவர் அறைக்குப் போகும் கேபிளை உருவிவிட்டார். பிழை நின்றது. மறுநாள் காலைத் தாளில் ஒரு வரியும் இல்லை. அந்த வெள்ளைத் தாளையும், கையெழுத்துக்காக அடித்து வைத்திருந்த கடிதத்தையும் சேர்த்துச் சின்னவர் மேசையில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றார்.

சின்னவர் இரண்டையும் தொடவில்லை. "அண்ணன் ரூம் கம்ப்யூட்டர்ல மிஷின் கேமரா படம் வரலையே, ஏன்?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சர்வர்காரர் பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அன்று மட்டும் வாய் முந்திக்கொண்டது. "அந்த ரூம்தான் பூட்டிக் கிடக்கே சார். படம் வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சின்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாரும் போனப்புறம் சாயங்காலம் அங்க போய் உக்காருவேன். அண்ணன் அங்க இருந்துதான் மிஷினையெல்லாம் பாப்பாரு. எந்த ஆர்டரை எதுல போடணும்னு அங்க இருந்துதான் சொல்லுவாரு. என் ரூம்ல உக்காந்தா எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. அந்தக் கேபிளை மாட்டிடு."

"மாட்டினா பழைய பேரு வரும் சார்."

"வரட்டும்."

"அப்ப என் லெட்டர்?"

"பழைய பேரு வருதே. அது வர்ற வரைக்கும் நீ எப்படிப் போவே?"

மிரட்டலாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் இல்லை. நாளைக்கு மழை வரும்போல என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். இந்த ஆள் அண்ணனையும் விடமாட்டார், என்னையும் விடமாட்டார், அந்தக் கம்ப்யூட்டரோடு சேர்த்து என்னையும் உள்ளே வைத்துப் பூட்டப்போகிறார் என்று சர்வர்காரருக்குப் பட்டது. நாற்பது வயதுக்காரர் முதலாளி முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சார், அதை ரெண்டு தடவை அணைச்சுப் போட்டா பழைய பேரும் வராது, உங்க கேமராவும் அப்படியே ஓடும். ஏன் சார் விடமாட்டேங்கறீங்க?"

"அணைச்சா திரும்பப் பாஸ்வேர்டு கேக்கும்ல? அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரு போன அன்னைக்குத் திறந்து வச்சது, அப்படியே ஓடிட்டிருக்கு. நான் போய் அவர்கிட்ட நின்னு பாஸ்வேர்டு கேக்கணுமா?"

சர்வர்காரர் அவரையே பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பாஸ்வேர்டு தெரியவே வேண்டாம் சார். நான் சர்வர்ல இருந்து புதுசா மாத்திக் கொடுத்துடுவேன். ஒரு நிமிஷ வேலை."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க இதுக்காகத்தான் விடலைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

சின்னவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அறை சுத்தமாக இருந்தது. நாற்காலி மட்டும் மேசையை ஒட்டி உயரம் கூட்டி வைக்கப்பட்டிருந்தது, சின்னவர் அண்ணனைவிடக் குள்ளம். சர்வர்காரர் மாடிக்குப் போய்க் கேபிளை மாட்டினார், சர்வரில் பாஸ்வேர்டை மாற்றினார், திரும்பி வந்து பெட்டியை அணைத்தார். சின்னவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது எழுந்தது. மறுபடி அணைத்தார். மறுபடியும் எழுந்தது. திரையில் பெரியவர் பெயர் வந்தது. அதன் கீழே கம்பெனியின் புதுப்பெயர்.

"அவரு பேரு போகலையா?" என்றார் சின்னவர் மெதுவாக.

"வீட்டுப் பேரைத்தான் மாத்தச் சொன்னீங்க. ஆளை எடுக்கச் சொல்லலையே சார். எடுத்துடட்டுமா?"

சின்னவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் பெயரும் தன் கம்பெனியின் பெயரும் அப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இருக்கட்டும்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் புதுப் பாஸ்வேர்டு போட்டார். சர்வர்காரர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஷின்கள் நான்கு கட்டமாகத் திரையில் வந்தன. சின்னவர் கையை நீட்டினார். "எங்க உன் லெட்டர்?"

அன்று மாலை சர்வர்காரர் வீட்டுக்குப் போன் செய்து, கையெழுத்து வாங்கிவிட்டேன், நாளைக்குக் கிளம்புகிறேன் என்றார். மனைவி சரி என்றாள். எத்தனையோ நாளைக்குகளை அவள் கேட்டுவிட்டாள். "கெளம்பினப்புறம் போன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் பஸ் கிளம்பி ஊரைத் தாண்டிய பிறகுதான் அவர் போனை எடுத்தார். அதுவரை யாராவது வந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம் அவருக்குப் போகவில்லை. அவள் எடுத்தாள். இவர் வாய் திறக்கும் முன் இன்ஜின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பஸ்ஸா?" என்றாள்.

"பஸ்தான்."

அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாகக் குரல் கொடுத்தாள்.

"பாப்பா, அப்பா தட்டுல இருக்கற உன் புஸ்தகத்தையெல்லாம் எடுத்து வேற எடத்துல வை."