பொகவந்தலாவையில் ஒரு நாயைக் கடத்திய நாள்

எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் நாய்களைத்தான் தேடும். கோயில், அருவியெல்லாம் அப்புறம். போன பிப்ரவரியில் திருச்சியிலிருந்து இலங்கைக்குப் போனதுகூட, மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாய்கள் எப்படி வாழ்கின்றன என்று பார்க்கும் ஆசையில்தான். வீட்டில் யாரும் துணைக்கு வரவில்லை. எனக்கும் அதில் பெரிய வருத்தமில்லை.

ஹட்டனிலிருந்து காலை ஏழரை மணிப் பேருந்து. பொகவந்தலாவைக்கு ஒன்றேகால் மணி நேரம். வளைவுகள் ஏராளம், வயிறு ஒத்துழைக்காதவர்கள் முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவிலிருந்து தோட்டத்துச் சாலையில் மூன்று கிலோமீட்டர் ஏறினால் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

இங்குள்ள நாய்களுக்குக் கல்லடி பட்ட முகமே இல்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களோடு சில மலைக்கே போகின்றன. மற்றவை வாசலில் வெயில் காய்கின்றன. எதையும் கட்டிப்போடவில்லை.

சாத்திய கதவு ஒன்றின் முன்னால் பழுப்பு நாய் நான்கு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். பிஸ்கட்டை எடுத்துப் போட்டேன். மூன்று மணி வரை சுற்றிவிட்டு இறங்கும்போது திரும்பிப் பார்த்தால் அது என் பின்னாலேயே வருகிறது! அதட்டினேன், கையை ஓங்கினேன். நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது.

தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். காலடியில் அதுவும் படுத்துக்கொண்டது. ஒரு பேருந்தை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். குட்டி போட்ட நாயை நடுத்தெருவில் விட்டுவிட்டு எப்படிப் போவது? கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது மேல் லயத்துச் சூட்டியில்ல? இருட்டுறதுக்குள்ள அனுப்பிருங்க. அந்த ரோட்டுல சிறுத்தை எறங்குதுங்க. போன மாசம் ஒரு நாயத் தூக்கிருச்சு."

மணி ஐந்து. மூடுபனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. போய்வர ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசி ஓர் ஆட்டோ பிடித்தேன். நாயை மடியில் தூக்கி வைத்துக்கொள்வதாகத் திட்டம். நான் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், சூட்டி விருட்டென்று எழுந்து தேயிலைக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது.

"பிடிங்களேன்!" என்று அலறினேன்.

"பனிக்குள்ள எங்க போயிப் பிடிக்கிறது அக்கா? மேல போயிப் பாப்போம், வாங்க," என்றார் ஓட்டுநர்.

வழி நெடுகத் தலையை வெளியே நீட்டி, "சூட்டி, சூட்டி" என்று தொண்டை வறளக் கத்தினேன். செடி அசைந்தாலே சிறுத்தையாகத் தெரிந்தது. அந்தக் குட்டிகளை நினைத்து அழுகையே வந்துவிட்டது.

லயத்தில் அவரவர் நாயைப் பேர் சொல்லி உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு இப்போது திறந்திருந்தது. வேலை முடிந்து வந்த பெண் ஒருவர் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், குட்டிகள் முட்டி மோத, சூட்டி! குறுக்குப் பாதையில் எங்களை முந்தியிருக்கிறது. அப்பாடா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிஸ்கட் போட்டு இழுத்துப் போனதையும், அதற்காகப் பேருந்துகளை விட்டதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பத்மா என்ற அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிஸ்கட்டுக்கெல்லாம் வராதுங்க அது. வெளியாளு யாரு வந்தாலும் வண்டி ஏத்திவிட்டுட்டுத்தான் திரும்பும். நீங்க ஏறாம உக்காந்திருந்தா அது என்னா செய்யும், பாவம்!"

அங்கே போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். நான்கு மணிக்குள் கடைத்தெருவுக்கு இறங்கிவிடுங்கள். நாய் பின்னால் வந்தால் பதறாதீர்கள், வருகிற முதல் பேருந்தில் ஏறிவிடுங்கள்.

பத்மா தந்த சாயத்தண்ணியை, அதாவது பால் கலக்காத தேநீரை, குடித்துவிட்டு அதே ஆட்டோவுக்குப் போனேன். சூட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் தலையைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.