அருள்நாதன் வீட்டில் ஃபினாயில் இல்லை

துறைமுகத்து கிரேனிலிருந்து இறங்கி வீடு வந்ததும் அருள்நாதன் சட்டையைக்கூடக் கழற்றுவதில்லை. நேரே கொல்லைக்குப் போய் செப்டிக் டேங்கின் சிமெண்ட் மூடி பக்கத்தில் குந்திக்கொள்கிறார். உள்ளங்கையால் இரண்டு தட்டு. கொஞ்சம் மோப்பம். "சௌக்கியமா கீறாங்க" என்று அறிவித்த பிறகுதான் காபி.

சௌக்கியமாக இருப்பவர்கள் யார் என்பது திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நான் தெரியாமல் கேட்டுத் தொலைத்தேன். "கெட்டியா கீறது அடியில குந்திக்கும் சார். கண்ணுக்குத் தெரியாத ஜனம் உள்ள கோடிக்கணக்குல கீது. ராப்பகலா அத்த துன்னுகினே இருக்கும். தண்ணி மட்டும் அந்தாண்ட குழிக்குப் போயி மண்ணுல ஊறிடும். நாம அவங்க சோத்துல மண்ணள்ளிப் போடாம இருந்தா சரி."

டேங்க் கட்டிய புதிதில் சாணம் கரைத்து ஊற்றி அந்த ஜனத்தை அவரே குடியேற்றினாராம். ஆகவே தேங்காய் நார் உள்ளே போகக்கூடாது, துணி கூடவே கூடாது. ஃபினாயில் பட்டால் அந்த ஜனம் செத்துவிடும், அது வாசற்படியே தாண்டக்கூடாது. மனைவி பிலோமி ஒருமுறை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பாட்டிலை மோப்பம் பிடித்து, தண்டையார்பேட்டைக் கடைக்கே பஸ் ஏறிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இவருக்கு நானா முக்கியம்? அந்தக் கலீஜுதான்" என்று பிலோமி என்னிடம் முறையிட்டபோது மனிதர் மறுக்கவும் இல்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் அவர் சொன்ன காரணத்துக்குச் சிரிக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் வீட்டில் கையால் அள்ளுகிற எடுப்புக் கக்கூஸ். தினமும் குப்பம்மா என்பவள் வாளியோடு பின்பக்கம் வந்து நிற்பாள். "எங்க வூட்டுக் கலீஜ ஒரு மனுசி தலையில தூக்கிகினு போச்சு சார். எனக்கு நாஸ்டா எறங்கல. உள்ள கீறவங்க செத்து, டேங்க் ரொம்பிச்சின்னா மறுபடி யாராச்சும் வாளியோட எறங்கணும். வுட மாட்டேன்."

போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து, கல்மண்டபத்திலிருந்து மகள் ஹில்டாவைப் பெண் பார்க்க வந்தார்கள். இதற்கு முன் வந்த இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் ஹில்டா தாங்கமாட்டாள் என்று பிலோமி என்னிடம் சொல்லியிருந்தாள். பிள்ளையின் தாயார் சிலுவையம்மாள் கொல்லைப்பக்கம் போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்.

"இன்னாங்க இது, ஃபினாயில் வாசனையே இல்ல? சுத்தபத்தமா கீற வூட்லதான் பொண்ணு எடுக்கணும்னு நான் பாக்குறேன்."

பிலோமி சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தாள். ஹில்டா தரையைப் பார்த்தாள். காரியம் கெட்டது, மனிதர் பிரசங்கத்தை ஆரம்பிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

அருள்நாதன் எழுந்தார். "தீந்து பூட்ச்சு சம்மந்தியம்மா. தோ, வாங்கியாறேன்." தெருக்கோடிக் கடைக்கு ஓடினார். பாட்டிலோடு வந்து, அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, தம் கையாலேயே கக்கூஸில் குடகுடவென்று ஊற்றினார். எனக்கு அவரைக் கட்டித் தழுவலாம் போல இருந்தது. பூவும் பழமும் கைமாறின.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் கொல்லைக்குப் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் ஹில்டா எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடி, ஒரு வாளி சாணம் கரைத்து எடுத்துவந்தாள்.

"ஊத்து நைனா. உள்ள கீறவங்க திரும்ப வந்துடுவாங்க."

ஊற்றினார். பிறகு டேங்க் மூடி பக்கத்தில் குந்தினார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர், தட்டாமல், சிமெண்டை மெல்லத் தடவிக்கொடுத்தார்.