வாயில் வைக்காமல் சொன்ன ருசி

ஒரு மீனை வாயில் வைக்காமலே அதன் ருசியைப் பற்றி ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தவன் நான். இதைவிடப் பெரிய மடையனை ஒட்டுசுட்டானில் தேடிப் பிடிப்பது கடினம். பிடித்தாலும் அவன் எனக்குச் சொந்தக்காரனாகத்தான் இருப்பான்.

ஏனென்றால் இதில் என் பரம்பரைக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறியவர்கள் நாங்கள். குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தோம், அதே தண்ணீரில் குளித்தோம், ஆனால் மீனென்றால் அது கடலில் இருந்துதான் வரவேண்டும் என்றோம். எங்கள் வீட்டில் குளத்து மீனை மீன் என்றே சொல்வதில்லை. சேறு என்பார்கள். முல்லைத்தீவில் இருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் ஒருநாள் வராவிட்டால் அன்றைக்குப் பருப்பும் சொதியும்தான். வாய்க்காலில் மீன் துள்ளும். நாங்கள் மறுபக்கம் பார்த்துக்கொண்டு பருப்பைப் பிசைவோம். அவ்வளவு பெருமை.

கலியாணம் செய்த இடமோ நேர்மாறு. மனைவியின் ஆட்கள் மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். கடல் என்பது அவர்களுக்குக் கடையில் சுற்றித் தரும் கருவாட்டுச் சரைதான். பச்சை மீன் என்றால் குளத்து மீன். அங்கே விருந்துக்குப் போனால் எனக்கு வைத்த துண்டைப் பப்படத்துக்குக் கீழே ஒளித்துவிட்டு, "அருமை" என்று சொல்லுவேன். பொய்யும் பப்படமும் நொறுங்கும் சத்தம் ஒன்றுபோலவே இருக்கும்.

மனைவியின் தங்கை, என் மச்சாள், கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டுக் கடை போடப்போகிறேன் என்றாள். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கூரைத் தகரத்துக்கும் ஆட்கள் இருக்க இரண்டு வாங்குக்கும் போய்விட்டது. கடை ஓடாவிட்டால் திரும்பிப் போக அந்த வேலையும் இல்லை. சோறும் கறியும் எந்தக் கடையிலும் இருக்கும், ஒரு நல்ல பொரித்த மீன் துண்டுதான் தன்னுடைய கடைக்கு ஆளை இழுக்கும் என்று நம்பினாள். கடல்மீன் பெட்டி பதினொரு மணிக்கு முன் எட்டிப்பார்க்காது. ஆகவே முத்தையன்கட்டுக் குளத்து மீன்.

எதைப் பொரிப்பது என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகைக்கொன்றாக வாங்கி வந்து எங்கள் முற்றத்து அடுப்பில் எண்ணெய்த் தாச்சியை வைத்தாள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானே கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நீதிபதியாக அமர்ந்தேன்.

முதலில் கட்லா. தலையைப் பார்த்தால் அமைச்சர் போல இருக்கும். பொரித்த துண்டைப் பிட்டால் உள்ளே ஈரப் பஞ்சு. அந்தப் பஞ்சுக்குள் மயிர்போலக் கவர் முள்ளுகள். "இது மீன் இல்லை, ஊசிப்பெட்டி," என்றேன். "உனக்குத் தையல் பழக்கம் இருக்கு, நீ தின்னலாம்."

அவள் அடுத்ததாகக் கெளுத்தியைப் போட்டாள். அது எண்ணெயில் வெடித்து என் சேட்டில் தெறித்தது. செத்த பிறகும் குத்தத் தெரிந்த ஒரே மீன். கொழுப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். புளி விட்டுக் குழம்பு வைத்தால் மன்னிக்கலாம். பொரித்தால் தோல் சைக்கிள் ரியூப்தான். மீசை வைத்தவனெல்லாம் வீரனா என்ன?

பனையேறி மொறுமொறுப்பாகத்தான் வந்தது. மொறுமொறுத்தது முழுக்க முள்ளு. பனையில் ஏறத் தெரிந்த மீனுக்குத் தொண்டையில் இறங்கத் தெரியவில்லை.

கடைசியில் விரால். வெள்ளைச் சதை, முள்ளுக் குறைவு, நாறவில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் கொடுக்கிற மீன் என்பதால், அதைத் தின்னும்போது யாரோ என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு உணர்வு. பொரித்தால் வேறு காய்ந்து போகும். ஆனாலும் இருக்கிற கழுதைகளுக்குள் இதுதான் குதிரை என்று தீர்ப்புச் சொன்னேன்.

"விரால் ஒவ்வொரு நாளும் கிடைக்காது அத்தான்," என்றாள் அவள். "யப்பான்தான் கிடைக்கும். இந்தாங்கோ, இதையும் ஒருக்கா வாயில வைச்சுப் பாருங்கோ."

யப்பான் என்பது திலாப்பியா. ஏன் அந்தப் பெயர் என்று யப்பான்காரனைக் கேட்டாலும் தெரியாது. எங்கள் வீட்டில் சேறு என்று சொன்னதெல்லாம் முக்கியமாக இந்த மீனைத்தான். நான் தட்டைக் கையால் தள்ளினேன்.

"இது ரெண்டு துண்டு திண்டால் வயித்துக்குள்ள ஒரு போகம் நெல் விதைக்கலாம்."

மனைவி சிரித்துவிட்டாள். அங்கேதான் பிழை நடந்தது. தன் மனைவியையே சிரிக்க வைத்த பகிடியை எந்த ஆண் முற்றத்தோடு விட்டுவிட்டுப் போவான்? மறுநாள் சலூனில் சொன்னேன். கமக்காரர் கூட்டத்தில், உரம் பற்றிப் பேச எழுப்பியபோது, உரத்தை விட்டுவிட்டு இதைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாலே சிரிக்கிற சனம் அது. இதற்கு விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு கிழமையில் அந்தப் பகிடி எனக்கு முன்னே போய் எல்லாச் சந்தியிலும் நின்றது.

கடை திறந்த நாள் நல்ல கூட்டம்; மனைவி பரிமாற, நான் வாங்கின் ஒரு மூலையில் இருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் யப்பான் மீன் செக்கச்செவேலென்று அடுக்கியிருந்தது. முதல் ஆளாக வந்த கமக்காரர் ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இது பெரும்போகத்து மீனோ, சிறுபோகத்து மீனோ?"

வாங்கில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவர் முட்டைப் பொரியலோடு பாசல் கட்டச் சொன்னார். அடுத்தவர், "எனக்கும் முட்டை. வயித்தில வரப்புக் கட்ட நேரமில்லை," என்றார். அதற்கடுத்தவர் பருப்பு. மீன் அடுக்கு அசையவில்லை. ஒருவரும் ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னைப்போலவே எல்லாரும் நாக்கை வீட்டில் வைத்துவிட்டுக் காதால் ருசி பார்க்கிற ஆட்கள். ஊரையே எனக்குச் சொந்தக்காரராக்கிவிட்டேனோ என்று தோன்றியது.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண் கலங்கியதை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் எழும்பி நின்று சத்தமாகச் சொன்னேன். "ஐயாமாரே, நான் பகிடிக்குச் சொன்னனான். இது திறமான மீன்!"

அதற்கு முந்தியதைவிடப் பெரிய சிரிப்பு. "அண்ணை இண்டைக்கு நல்ல ஃபோர்மில நிக்கிறார்," என்றார் ஒருவர்.

"உண்மையா, சத்தியமா!"

"சத்தியத்தையும் பகிடியாக்கிப்போட்டார் பாருங்கோ!"

மனைவி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து வாங்கில் இருத்தினாள். சோற்றுத் தட்டை முன்னால் வைத்து, மேலே ஒரு முழு யப்பானைப் போட்டாள். "இஞ்சருங்கோ, கதைச்சது காணும். தின்னுங்கோ."

பப்படம் இல்லை, ஒளிக்க இடமில்லை. பிட்டு வாயில் வைத்தேன்.

சேறு எங்கே போனது என்று தெரியவில்லை. வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை உரித்து, உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரு பக்கமும் கீறி, மிளகும் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் ஊறவிட்டுப் பொரித்திருந்தாள். மேலே முறுகல். உள்ளே நீர் வற்றாத இனிப்பு. கட்லாவின் பஞ்சு இல்லை, விராலின் வறட்சி இல்லை. கடல்மீனைவிட நல்லது என்று எழுத என் கை இன்னும் கூசுகிறது, அதனால் எழுதவில்லை.

பாராட்ட வாயைத் திறந்தேன். முதுகு முள்ளு ஒன்று நாக்கின் அடியில் குறுக்கே நின்றது. திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு பயத்தில் ஒரு சொல்லும் பேசாமல், முள்ளை விரலால் எடுத்து எடுத்து வைத்துத் தின்றேன். முடிந்ததும் இன்னொன்று என்று கையால் காட்டினேன்.

வாங்கில் சிரிப்பு அடங்கியது. என்னைப் பேசாமல் அந்த ஊர் பார்த்ததில்லை. செத்த வீட்டில்கூட நான் பேசுவேன்.

"என்ன, மனிசன் வாயே திறக்கிறாரில்லை?" என்றார் பெரும்போகம் கேட்ட கமக்காரர். என் தட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "பிள்ளை, ஒரு துண்டு வையும் பாப்பம்."

அவர் தின்றார். அவரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர் பாசலைப் பிரித்து மீன் கேட்டார். பளைக்குப் போகிற லொறிக்காரர் ஒருவர், எங்கள் பகிடி எதுவும் தெரியாதவர், இறங்கி வந்து நான்கு துண்டு கட்டிக்கொண்டு போனார். இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் எண்ணெய்க் கடதாசி மட்டும் கிடந்தது.

முள்ளெல்லாம் போய், நாக்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மச்சாள் தாச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியோ? நான் வாயை மூடினதாலதான் இண்டைக்குக் கடை ஓடினது. நாளைக்கும் வந்து கதைக்காமல் இருக்கட்டோ?"

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"வீட்டில இருந்து கதைக்காமல் இருங்கோ, அத்தான்."