ஒரே கதவிலக்கத்தில் இருபத்திமூன்று பேர்

குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்க இரண்டு அதிகாரிகள் வாசலில் வந்து நின்றபோது பதிவக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒருவர் கையில் கண்ணாடிப் புட்டிகள். பெரியவர் கையில் ஒரு பட்டியல். மூன்று வருடத்தில் இந்த ஒரே கதவிலக்கத்தில் இருபத்திமூன்று பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயாம். தண்ணீரில்தான் ஏதோ கோளாறாம்.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நானும் என் தங்கச்சியும். இருக்கறது ரெண்டு ரூம். இருபத்திமூணு பேர் எங்க சார் படுப்பாங்க, பரண்லயா?"

பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் பதியும் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். பிறந்த ஊர் ஏழு மணி நேர பஸ் தூரம், சுரங்கப் பக்கம். வெளி மாவட்டத்துக்காரர்களை அவரவர் மாவட்ட ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கி வரச்சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. கடிதத்துக்குப் போனவள் மூன்று மாதம் கழித்து வருவாள். கட்டி அதற்குள் புண்ணாகி உடைந்திருக்கும். என்ன விதியோ, என்ன கடிதமோ! பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, ஒருநாள் ஊர்க்காரி ஒருத்தியிடம், "என் வீட்டு விலாசத்தைச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள். பிறகு ஊரே அந்த விலாசத்தைச் சொன்னது.

"எங்க ஊர்ப் பக்கம் தண்ணி பிடிச்சுப் பாத்தீங்களா சார்?"

பெரியவர் காகிதத்தைப் புரட்டினார். "அங்க எதுக்கும்மா? மூணு வருஷத்துல ரெண்டே பேர். நல்ல காத்து, உடம்பு வணங்கி வேலை பாக்கறாங்க. அதான் மார்பைப் படமெடுத்துப் பாக்கற பரிசோதனை வண்டி ரெண்டையும் இங்கயே விட்டுட்டோம்."

பதிவக்காவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நல்ல காற்றாமே! இந்த இருபத்திமூன்று பேரில் பதினாலு பேர் மண்ணுக்குள் போயாயிற்று. அதே கவுண்டரில் பட்டாணி அளவுக் கட்டியோடு வந்த நகரத்துப் பெண்கள் வருடா வருடம் வந்து பேரப்பிள்ளையின் போட்டோவைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அதே நோய், அதே மருந்து. கூடுதலாக இருந்தது ஏழு மணி நேரமும், கடிதம் கேட்பார்கள் என்று பயந்து வீட்டிலேயே கிடந்த மாதங்களும்தான். அந்த 'ரெண்டே பேர்' என்ற கணக்குக்கு, ஊர்ப் பெண்களையெல்லாம் இந்த விலாசத்தில் எழுதிய அவளுடைய கையெழுத்தும் உடந்தை. உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும்; போய்த் தொலையட்டும். ஆனால் தங்கை?

தங்கை அறைக்குள்ளிருந்து வந்தாள். முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்தாள்.

"நான் இந்த ஊரே இல்ல சார். சரியா எழுதிக்குங்க."

"வாயை மூடுடி. உனக்கு இன்னும் பதினொரு நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கணும்."

"என் பொண்ணு அங்கதான்க்கா இருக்கா. அந்த வண்டி அவளுக்கு வரணும்."

பெரியவர் தயங்கினார். "எழுதினா, விதிப்படி உங்களை இங்க..."

"சார், நாளைக்கு இவளைத் திருப்பி அனுப்பணும்னா, அந்த விதியைப் போட்டவர் வந்து என் நாற்காலியில உக்காந்து இவ முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்," என்று பதிவக்கா பட்டியலையும் பேனாவையும் அவர் கையிலிருந்து பிடுங்கினாள். யார் யார் எந்தத் தெரு என்பது அவளுக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வரிகளை அடித்துத் திருத்தினாள். கடைசி வரியில் கை ஓடவில்லை. தங்கை பேனாவை வாங்கித் தன் ஊரைத் தானே எழுதினாள்.