மொட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே

போன மாதம் ஒரு பெண்மணி கண்ணாடியைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, "எனக்குத்தான் இதப் போட்டுப் பழகத் தெரியல தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்!

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு சின்ன மூக்குக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதனையும் நானே. 'இது தெளிவா, அது தெளிவா' என்று இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண்மணி முருகாயி அக்கா. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது என்றுதான் முதலில் வந்தார். வாசிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தேன். லென்ஸை மாற்ற மாற்ற, கடைசி வரியின் பொடி எழுத்துவரை படபடவென்று வாசித்துவிட்டார். எட்டாவது வரை படித்தவராம். கண்ணாடி தயாரானது. போட்டு அனுப்பினேன்.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். "எல்லாம் புகை மூட்டமா இருக்கு தம்பி."

மறுபடி அட்டை. மறுபடி கடைசி வரிவரை சரளமாக வாசித்தார். "பவர் கரெக்ட்டுக்கா, பழகிரும்" என்றேன்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நானும் விடவில்லை. மெஷின் பொய் சொல்லாது, நான் பார்க்காத கண்ணா... ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

எங்கள் கடையில் எட்டு வருஷமாக ஃப்ரேம் பொருத்துகிறவர் ஸ்டெல்லா. அவர் எட்டிப் பார்த்து, "சார், அக்காகிட்ட ஒண்ணு கேக்கவா?" என்றார்.

"நீ ஃப்ரேம மட்டும் பாரு ஸ்டெல்லா."

முருகாயி அக்காவின் முன்னாலேயே சொன்னேன். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டு, "வாரேன் தம்பி" என்று படி இறங்கினார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். தினமும் தன் வெஞ்சனத்தில், பொரியலோ கூட்டோ, ஒரு கரண்டி எனக்கு வைக்கிற ஸ்டெல்லா, அன்று டப்பாவை மூடியே வைத்திருந்தார். நானும் என் டப்பாவை மூடினேன்.

"என்னம்மா கேக்க வந்த?"

டப்பாவைத் திறக்காமலே சொன்னார். "அவங்க பேப்பர் படிக்கவா கண்ணாடி கேட்டாங்க? மல்லித் தோட்டத்துல பூ எடுக்குறவங்க சார். ஃப்ரேம் மாட்டிவிடும்போது சொன்னாங்க. அட்டைய மூஞ்சிக்கிட்ட வச்சுப் பாக்கலாம். செடிய அப்படிப் பாக்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. வாசிக்கிற தூரத்துக்குச் செய்த கண்ணாடி, கையை நீட்டுகிற தூரத்தில் மங்கத்தான் செய்யும். படிப்பில் முதல் வருஷப் பாடம்! எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நான் கேட்கவேயில்லை.

உடனே போன் போட்டேன். அக்காவின் மகள் எடுத்தாள். "அம்மா இப்பல்லாம் தோட்டத்துக்குப் போறதில்லங்க சார். பிஞ்சு மொட்டையும் சேத்துக் கிள்ளிடுறாங்களாம். மத்தவங்க முன்னாடி வெக்கமா இருக்குன்னு வீட்லயே உக்காந்துட்டாங்க."

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால் நானும் ஸ்டெல்லாவும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். மகள்தான் அக்காவை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தாள். செடி முன்னால் அவரை நிற்கச் சொன்னேன். அவர் குனிந்து கையை நீட்ட, கண்ணுக்கும் மொட்டுக்கும் நடுவே ஸ்டெல்லா டேப்பைப் பிடித்தார். கிட்டத்தட்ட இரண்டு அடி! அட்டையை நான் ஒன்றேகால் அடியில் பிடிக்கச் சொல்லியல்லவா சோதித்திருந்தேன்?

சோதனை ஃப்ரேமில் வேறு லென்ஸைப் போட்டு மாட்டிவிட்டேன். அக்கா அசையாமல் நின்றார். பிறகு ஒரு மொட்டைத் தொட்டார். "இது இன்னைக்கி ராத்திரி விரியும்." பக்கத்து மொட்டில் விரலை வைத்தார். "இது பச்ச. நாளைக்கித்தான்." அதைக் கிள்ளாமல் விட்டார். அடுத்த கிளைக்குப் போனார். அடுத்த செடிக்கும் போனார். நாங்கள் நிற்பதையே மறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "எனக்குத்தான் புத்தி மங்கிப்போச்சோன்னு பயந்துட்டேன் தம்பி. வீட்டுலகூடச் சொல்லல."

'எனக்கு எல்லாம் தெரியும்' என்று நாம் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார். அலுவலகமோ, ஆஸ்பத்திரியோ, பள்ளிக்கூடமோ... எங்கேயும் இதுதானே நடக்கிறது?

"நான் சொன்னது தப்புக்கா" என்றேன். ஸ்டெல்லாவிடமும் அங்கேயே, அக்காவின் முன்னாலேயே சொன்னேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சரி விடுங்க சார். இனிமே கேக்க விடுங்க, அது போதும்" என்றார்.

'நான் சொன்னது தப்பு' - மூன்றே மூன்று வார்த்தைகள். வாய்க்கு வர எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது!