சாம்ப்ளர் கோப்பும் நான் படிக்காத பக்கமும்

கொள்முதல் விதி 9, உட்பிரிவு (ஆ): "பொருளைப் பயன்படுத்துவோர் எழுத்துமூலமாகத் தரும் தேவைக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கண்காணிப்பாளர் விலைப்புள்ளி கோர வேண்டும்."

எங்கள் அறக்கட்டளையின் கொள்முதல் கையேட்டில் உள்ள விதி இது. கையேட்டைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அப்போது விழுப்புரம் அலுவலகத்தில் இளநிலை எழுத்தராக இருந்தேன். 'படித்துப் புரிந்துகொண்ட' என்று அடிக்கும்போது, படிக்காமல் எவன் கையெழுத்துப் போடப் போகிறான் என்று நினைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எவன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. தேவைக் குறிப்பு

அறக்கட்டளையின் அலுவலகம் விழுப்புரத்தில். அது நடத்தும் பார்வையற்றோர் பள்ளி திண்டிவனத்தில். கண்காணிப்பாளரான பிறகு நான் பள்ளிக்குப் போவது ஆண்டுக்கு ஒருமுறை, இருப்புச் சரிபார்ப்புக்கு. கட்டில், பெஞ்சு, அண்டா எல்லாவற்றையும் எண்ணிப் பதிவேட்டில் டிக் அடித்துவிட்டு, விக்கிரவாண்டியில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டின் பிப்ரவரியில் பள்ளியின் இசை ஆசிரியை தனலட்சுமி தொலைபேசியில் அழைத்தார். கெடாரில் விவசாயக் குடும்பம். பிறவியிலேயே பார்வை இல்லை. இசை அறைக்கென்று ஒருவர் தந்த நன்கொடை செலவாகாமல் இருந்தது.

"சார், ஒரு சாம்ப்ளர் வாங்கித் தரணும். பிளஸ் டூ முடிக்கற பசங்க அஞ்சு பேரு இருக்கறாங்க. அவங்களுக்கு பீட் பண்ற கிளாஸ் ஒன்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கறேன்."

"ரிதம் பேட் ஒன்னு இருக்குதேம்மா. பதிவேட்டுல நானே டிக் அடிச்சேன்."

"அதுல இருக்கற சத்தமெல்லாம் கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது சார். தட்டலாம், அவ்ளோதான். சாம்ப்ளர்னா நம்ம சத்தத்த நாமளே புடிச்சிக்கலாம். எங்க வீட்ல மல்லாட்டை ஒடைச்சி கடலை எடுக்கற சத்தத்த புடிச்சி, துண்டு துண்டா வெட்டி, பதினாறு பேட்ல போட்டுக்கினு தாளமா தட்டலாம். குறும்படம் எடுக்கறவங்க, டான்ஸ் குரூப்புக்காரங்க எல்லாம் இப்ப அதத்தான் கேக்கறாங்க."

"இல்லன்னா என்ன ஆகும்?"

"ஜூன்ல தொழில் வகுப்பு பிரிப்பாங்க இல்ல சார்? கருவி இல்லாத கிளாஸ எடுத்துடுவாங்க. அஞ்சு பேரும் நாற்காலி பின்னப் போவாங்க. அதுவும் வேலதான், நானே பின்னியிருக்கறேன். ஆனா இதுங்க பின்னறத விட்டுட்டு நாற்காலியத் தட்டிக்கினு இருக்கும்."

எழுத்துமூலமாகத் தரச் சொன்னேன். வாய்ப்பேச்சைத் துளையிட்டுக் கோப்பில் கோக்க முடியாது.

ஒரு வாரத்தில் உறை வந்தது. உள்ளே கெட்டியான தாள் ஒன்று, முழுக்க பிரெய்ல் புள்ளிகள். எனக்கு பிரெய்ல் தெரியாது. பார்வையற்றோருக்கான நிறுவனத்தில் இத்தனை ஆண்டு வேலை பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இல்லை என்பதே அப்போது என் பதிலாக இருந்திருக்கும்.

தாளில் 'பெறப்பட்டது' முத்திரை வைத்தேன். பஞ்ச் மிஷினில் வைத்து இரண்டு துளை போட்டேன். கோப்பில் கோத்து, "எழுத்துமூலத் தேவைக் குறிப்பு பெறப்பட்டது. இணைப்பு 1, ஒரு பக்கம்" என்று குறிப்பு எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

2. ஒப்பீட்டு அட்டவணை

கடைக்காரர்கள் 'ஸ்பெக்' என்று சொல்லும் விவரக்குறிப்பை நானே தயாரித்தேன். அலுவலகக் கணினியில் இரண்டு நாள் சாம்ப்ளர்களைப் பற்றிப் படித்தேன். எல்லா நிறுவனங்களின் விளம்பரத்திலும் முதல் வரியில் இருந்ததையே நானும் முதல் வரியாக வைத்தேன்: "ஏழு அங்குல வண்ணத் தொடுதிரை இருத்தல் வேண்டும்."

யாருக்காக வாங்குகிறோம் என்பதை இன்னொரு முறை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படியுங்கள். நான் படித்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. செயலாளருக்கும் உறைக்கவில்லை, அவர் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்ப்பவர்.

மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. பத்தி பத்தியாகக் கோடு போட்டு ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு அழகான அட்டவணையை நான் போட்டதில்லை. குறைந்த விலைப்புள்ளி தந்த புதுச்சேரிக் கடைக்காரர் பாஸ்கருக்கு ஆணை போனது.

ஏப்ரல் கடைசியில் பாஸ்கர் கருவியைத் திண்டிவனத்துக்கு எடுத்து வந்தார். ஏற்புச் சான்றில் ஆசிரியை கைநாட்டோ கையெழுத்தோ இட வேண்டும் என்பதால் நானும் போயிருந்தேன். பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தோம். தனலட்சுமி டீச்சர் இரண்டு கைகளாலும் அதன் விளிம்பைச் சுற்றித் தடவினார். ரப்பர் பேடுகளை எண்ணினார். பிறகு உள்ளங்கை மேலே போனது. அங்கேயே நின்றது.

"பேட் பதினாறும் இருக்குது சார். மத்ததெல்லாம் எங்க?"

"எல்லாம் ஸ்கிரீன்ல இருக்குது மேடம்," என்றார் பாஸ்கர். "டச் பண்ணாப் போதும்."

"கண்ணாடிய டச் பண்ணா எனக்கு கண்ணாடிதாங்க தெரியும்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நான் எழுதிக் குடுத்தேனே சார். படிக்கலிங்களா?"

3. துளை

கோப்பு என் பையில்தான் இருந்தது. இணைப்பு 1-ஐ அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். விரல்களை வைத்ததும் புருவம் சுருங்கியது.

"என்ன சார், எதுமேலயாவது போட்டு அழுத்தி வச்சிருந்தீங்களா? பாதி புள்ளி உக்காந்துக்கினு இருக்குது."

கோப்புக் கட்டுகளுக்கு அடியில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்த தாள் அது. முத்திரை வைத்த இடத்தில் மேலும் அமுங்கியிருந்தது. தட்டுத்தடுமாறித்தான் வாசித்தார்.

"ஒன்னு, கண்ணாடித் திரை கூடாது. இருந்தாலும் அத பாக்காம வேலை நடக்கணும். ரெண்டு, ஒரு பட்டனுக்கு ஒரு வேலை. மூனு..." நிறுத்தினார். "மூனாவதுல ஓட்டை போட்டுட்டீங்க சார். நாலு, மைக்கை நேரா சொருகற மாதிரி இருக்கணும். அஞ்சு, பேட்டரியில ஓடணும், வெளிய எடுத்துக்கினு போயி சத்தம் புடிக்கணும் இல்ல?"

"மூனாவது என்னம்மா?"

"அதான் சார் முக்கியம். வாங்கறதுக்கு முன்னாடி நான் தொட்டுப் பாக்கணும்னு எழுதியிருந்தேன்."

பாஸ்கர் தொண்டையைச் செருமினார். "சார், தப்பா நெனைக்காதீங்க. ஸ்பெக் நீங்க குடுத்தது சார்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் கேட்டதைத்தான் அவர் கொண்டுவந்திருந்தார்.

4. நாலு அமுக்கு

ஏற்புச் சான்றில் "பயன்பாட்டுக்கு உகந்ததல்ல" என்று எழுதி, டீச்சர் கையெழுத்து வாங்கி, கருவியைத் திருப்பிவிட்டேன். பாஸ்கர் முணுமுணுத்தார், ஆனாலும் மே மாதம் பத்தாம் தேதிக்கு மேல் மூன்று கருவிகளைக் காரில் போட்டுக்கொண்டு மறுபடி வந்தார். நல்ல மனிதர். ஒரு பேச்சை மட்டும் அவரால் விட முடியவில்லை.

டீச்சரின் சோதனை ஒன்றுதான். கருவியை ஆன் செய்து, ஒரு சத்தத்தைப் பிடித்து, அதைப் பேடில் தட்டிக் கேட்கும் வரை எத்தனை முறை பொத்தானை அமுக்க வேண்டும்? முதல் கருவிக்குப் பதினொன்று. அதிலும் ஒரே பொத்தான் மூன்று வேலை செய்தது. இப்போது எந்த வேலையில் இருக்கிறது என்பதை ஒரு சின்ன விளக்கு நிறம் மாறிச் சொல்லும். "லைட்டு எனக்கு சொல்லாதுங்க," என்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவது, லேப்டாப்போடு இணைத்தால்தான் வாய் திறந்தது. "பேஜாரு. ரெண்டு பேர சமாளிக்கணும்." அதுவும் போயிற்று.

மூன்றாவது, பாஸ்கர் கடையில் டெமோவுக்கு வைத்திருந்த பழைய மாடல். கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. திரை தீப்பெட்டி அளவுதான். பொத்தான்கள் எல்லாம் தனித்தனியாக, புடைத்து, குமிழ்கள் விரலுக்கு வாகாக இருந்தன.

"இது எதுக்கு மேடம், ஓல்டு பீஸு?" என்றார் பாஸ்கர். "சும்மா எண்ணிக்கைக்கு எடுத்தாந்தேன். நல்ல ஸ்கிரீன் வச்ச பீஸ வுட்டுட்டு... ஸ்பெக் நீங்க குடுத்தது சார், நான் என்ன பண்றது?"

டீச்சர் மைக்கை அவர் பக்கம் நீட்டியிருந்ததை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. நாலு அமுக்கு. அறையில் பாஸ்கரின் குரல் கிளம்பியது. ஸ்பெக். ஸ்பெக். நீங்க, நீங்க, ஸ்பெக். குடுத்தது சார். பத்து நிமிடத்தில் அது குதிபோடும் ஒரு தாளமாகிவிட்டது. பாஸ்கர் முதலில் விழித்தார். பிறகு அவர் காலே தாளம் போட ஆரம்பித்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ ஆட்சேபணைகள் கோப்பில் பதிவாகியிருக்கின்றன. தாளத்தோடு பதிவானது அது ஒன்றுதான்.

"இதுதான் சார்," என்றார் டீச்சர்.

5. காரணம் என்ன எழுதுவது

இப்போது கையேட்டின்படி சிக்கல் இரட்டிப்பானது. டெமோவில் பயன்படுத்திய பொருளை வாங்கக் கூடாது. ஒரே விலைப்புள்ளியில் வாங்கக் கூடாது. இரண்டுக்கும் சென்னைத் தலைமை அலுவலகம் விதிவிலக்குத் தர வேண்டும். ஒரு வழி மட்டும் திறந்திருந்தது: "சோதனை அடிப்படையில், திருப்பித் தரும் நிபந்தனையுடன்" முப்பது நாள் கருவியைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம். பாஸ்கரிடம் எழுதி வாங்கினேன். கெடு ஜூன் பத்து. அதற்குள் அனுமதி வராவிட்டால் கருவி புதுச்சேரிக்கும், ஐந்து பேர் நாற்காலிகளுக்கும் போக வேண்டும்.

சென்னைக்கு அனுப்பும் குறிப்பில் இப்படி எழுதினேன்: "இணைப்பு 1 பிரெய்லில் இருந்தது. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் நான் விவரக்குறிப்பைத் தயாரித்தேன். தவறு என்னுடையது."

செயலாளர் பேனாவை மூடிவிட்டார்.

"என்னங்க இது, நீங்களே மாட்டிக்கிறீங்க? 'நிர்வாகக் காரணங்களால்'னு போட்டுட்டு ஜல்தியா அனுப்புங்க. இந்த மாசக் கடைசியில ரிட்டயர்மென்ட். விளக்கம் கேட்டுட்டாங்கன்னா பணி நிறைவுச் சான்று நின்னுடும்."

"நிர்வாகக் காரணம்னு போட்டா, எந்த நிர்வாகக் காரணம்னு கேட்டு ஒரு லெட்டர் வரும் சார். பதில் போட்டா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு இன்னொன்னு வரும். மூனு மாசம் ஓடிடும். தப்பு பண்ணிட்டேன்னு எழுதிட்டா அதுக்கு மேல கேக்கறதுக்கு ஒன்னும் இல்ல."

"நீங்க நேர்மையான ஆளுங்க," என்றார் அவர்.

நேர்மை என்று அதைச் சொல்ல மாட்டேன். தலைமை அலுவலகத்துக்குப் பல ஆண்டுகள் கடிதம் எழுதிய அனுபவம்.

மே முப்பத்தொன்றாம் தேதி மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். எழுதியபடியே அனுப்பிய குறிப்புக்குச் சென்னையிலிருந்து அதுவரை பதில் வரவில்லை. பொறுப்பை ஒப்படைக்கும் குறிப்பில், என் இடத்துக்கு வந்தவருக்கு இரண்டு வரி கூடுதலாக எழுதினேன்: பிரெய்ல் தாளில் துளை போடக் கூடாது, முத்திரை வைக்கக் கூடாது. எழுதியவரையே அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் சாம்ப்ளர் வாங்க நினைக்கும் இளைஞர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். விளம்பரத்தின் முதல் வரியை நம்பாதீர்கள். கடைக்குப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சத்தத்தைப் பிடித்துத் தட்ட எத்தனை அமுக்கு ஆகிறது என்று எண்ணுங்கள். புதிய மாடலா பழைய மாடலா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். வேறொருவருக்காக வாங்குவதாக இருந்தால் உங்கள் கையைப் பையில் வைத்துக்கொண்டு அவர் கையைக் கருவிமேல் வையுங்கள். இதைக் கற்க எனக்கு முழுப் பணிக்காலமும் தேவைப்பட்டது. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

6. வகுப்பு

கெடுவுக்கு முதல் நாள் சொந்தச் செலவில் திண்டிவனம் போனேன். பாஸ்கரிடம் இன்னும் பத்து நாள் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம்; அப்படிக் கேட்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. இசை அறையில் ஐந்து பேரும் கருவியைச் சுற்றி இருந்தார்கள். ஒரு பெண் முறத்தில் மல்லாட்டையைப் போட்டுப் புடைக்க, இன்னொருவன் மைக்கைப் பிடித்திருந்தான். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே டீச்சர் கையை உயர்த்தினார்.

"யாராயிருந்தாலும் அப்படியே நில்லுங்க. ரெக்கார்டு ஓடிக்கினு இருக்குது."

நின்றேன். சட்டைப் பையில் இருந்த போன் அப்போது பார்த்து மணி அடித்தது.

"யாரு போனுங்க அது?" என்றான் மைக் பிடித்தவன். "டேக்கு போச்சு!"

விழுப்புரத்திலிருந்து புதிய கண்காணிப்பாளர். "சார், சென்னையிலேர்ந்து வந்துடுச்சு. கோரியபடி அனுமதிக்கப்படுகிறதுன்னு ஒரே வரி. விளக்கம் ஒன்னும் கேக்கல."

அந்த ஒரு வரியை அறையில் இருந்தவர்களிடம் சொன்னேன். டீச்சர் பேடுகளின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். முறம் வைத்திருந்த பெண் கேட்டாள். "டீச்சர், அந்த மணிச் சத்தம் நல்லாத்தான இருந்துது? வெட்டி வச்சிக்கலாமா?"

வெட்டி வைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது பேடில் இருக்கிறது. அதை எந்தப் பெயரில் சேமிப்பது என்று என்னைக் கேட்டார்கள். பதில் வந்த தேதியையே வைக்கச் சொன்னேன்: ஜூன் 9.